பதினெட்டர பேரு

ஒரு மணி பத்துக்கு நான் அந்த பட்டன அமுக்கிட்டேன். பஸீஹா பக்கத்து கதிரையில இருந்துக்கிட்டு, "இருடி, இன்னொருக்கா வாசிச்சிட்டு அனுப்புவோம், மூணாம் பக்கத்துல கமா ஒண்ணு..."ன்னு சொல்லி முடிக்கல, அமுக்கிட்டேன். என் வியாதியே அதுதான். பஸ் நிக்கிறதுக்கு முன்னாடி எறங்கிருவேன். அடுப்புல இருந்து எறக்குன டீய அப்படியே குடிச்சி நாக்க சுட்டுக்குவேன். இந்தக் கட்டுரைய எழுத பதினோரு மாசம் ஆச்சு, அதுக்கு மேல ஒரு நிமிஷம் கையில வச்சிருக்க முடியல எனக்கு.

லெப்டொப்புல ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்துச்சு, சுத்துச்சு, நான் எழும்பி ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்தேன், இன்னும் சுத்துச்சு. பெறகு வந்திருச்சு. உங்க கட்டுரை கெடச்சிருச்சு, நன்றின்னு இங்கிலீஷ்ல ரெண்டு வரி. கீழ ஒரு நம்பர்.

அந்த நம்பர்தான் வேணும் எனக்கு. கட்டுரைய அந்த ஜேர்னல் போடுமா போடாதான்னு தெரிய ஒரு வருஷம் ஆகும், அது கெடக்கட்டும். திங்கக்கெழம கொழும்புல இண்டர்வியூ. ரிசேர்ச் அசிஸ்டன்ட் வேல. பிரயோகப் பொருளியல் ஜேர்னல் ஒண்ணுக்கு அனுப்பின கட்டுரை இருக்கணும், அதோட நம்பர கொண்டு வரணும்னு விளம்பரத்துலயே போட்டிருந்தாங்க. கெம்பஸ் முடிச்சி எட்டு மாசமா கண்டி கட்டுக்கலையில எங்க வீட்டு ஹோல்ல இந்த மேசைக்கு முன்னாடிதான் நான் இருக்கேன். அந்த வேல எனக்கு வேணும். அவ்வளவு வேணும்.

கட்டுரை என்னன்னு சொல்லிர்றேன். புசல்லாவைக்கு மேல ஒரு தோட்டம், எந்தத் தோட்டம்னு வேணாம். அங்க கொழுந்து எடுக்குற அம்மாமார் காலையில கைப்புள்ளய பிள்ளைமடுவத்துல, அதான் தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்குற எடத்துல, விட்டுட்டுத்தான் மலைக்குப் போவாங்க. மலைன்னா தேயில மலை. சில லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மடுவம் ரெண்டு எட்டு. சில லயத்துக்கு ஒண்ணர மைல். எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு: மடுவம் தூரமா இருந்தா அம்மாமார் வேலைக்குப் போற நாள் கொறயுதா? நூத்தி எண்பத்தாறு அம்மாமாருகிட்ட போயி, "போன மாசம் எத்தன நாள் வேலைக்குப் போனீங்க"ன்னு கேட்டோம். கொறயுது. தூரத்து அம்மாமாருக்கு மாசத்துக்கு நாலு நாள் கொறயுது. பஸீஹா அத பன்னண்டு விதமா போட்டுப் பாத்தா. மழைய சேத்துப் பாத்தா, புள்ளையோட வயச சேத்துப் பாத்தா, வீட்டுல மாமியா இருக்காங்களான்னு சேத்துப் பாத்தா. எப்படிப் போட்டாலும் நாலு. அசையவே இல்ல. அப்படி ஒரு அழகான நாலு.

பஸீஹாவுக்கு ஊரு அலவத்துகொட. பேராதனை கெம்பஸ்ல என்னோட ஒரே பெச். நான் பேசுவேன், அவ கணக்குப் போடுவா. கட்டுரையில மொத பேரு ஞானேஸ்வரி செல்லச்சாமி, அது நான். ரெண்டாவது அவ. மூணாவது எங்க பொன்னுத்துரை சேர்.

"போயிருச்சா?"ன்னா.

"போயிருச்சு."

"அல்லாவே, அந்த கமா."

"கமாவ யாரும் பாக்க மாட்டாங்க."

"நீதான் ஞானியாச்சே, எல்லாம் தெரியும் ஒனக்கு." அவ என்ன ஞானின்னுதான் கூப்பிடுவா. நக்கலுக்கு.

நான் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். அப்பா முனிசிபல்ல தண்ணி செக்சன். கால் மணித்தியாலத்துல மனுசன் வீட்டு வாசல்ல, கையில எண்ண ஊறின பெரிய பேக்கரி பேக்.

"செக்சன் முழுக்க சொல்லிட்டேன்"னாரு. "மக கட்டுரை வெளிநாடு போயிருச்சுன்னு. பெரியதம்பி கைய புடிச்சி குலுக்குறான். இந்தா, மாலு பான்."

உள்ள இருந்து அம்மா, "வெள்ளிக்கெழமையும் அதுவுமா மீனா? கட்டுக்கலைப் புள்ளையாருக்கு வெளக்கேத்திட்டு இப்பதான் வாறேன்"னாங்க.

"அவசரத்துல கெழம மறந்து போச்சு."

"மகளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுது."

பஸீஹாதான் தின்னா. "எங்களுக்கு வெள்ளிக்கெழம பிரச்சினை இல்ல ஆன்டி"ன்னு ரெண்டு தின்னா.

எனக்குக் கை சும்மா இருக்கல. ராஜேஸ்வரி அக்காவுக்கு சொல்லணும். அவங்கதான் எங்கள லயம் லயமா கூட்டிக்கிட்டுப் போனது. அவங்க இருக்குறது மேல் லயம், எங்க கணக்குல மடுவத்துக்கு தூரம். அந்த நேரம் எட்டு மாசத்துல அவங்களுக்கு ஒரு மக. முடிவு வந்தா தமிழ்ல எழுதி மொத உங்களுக்குத்தான் வாசிச்சிக் காட்டுவேன்னு வாக்கு குடுத்திருந்தேன். பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்திருப்பாங்க. கோல் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டேன்.

"சொல்லு ஞானா. சீக்கிரம் சொல்லு, ரெண்டு மணிக்கு மலையில நிக்கணும்."

"அக்கா, கட்டுரை போயிருச்சு! முடிவ வாசிக்கட்டா?"

"வாசி, வாசி. பரிமளமும் நிக்கிறா, அவளும் கேக்கட்டும்." பரிமளம் அக்கா அவங்க பக்கத்து வீடு.

நான் தொண்டைய சரி பண்ணிக்கிட்டு, செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சேன். "பிள்ளைமடுவம் தூரமாக உள்ள தாய்மார் மாதத்துக்கு நான்கு நாட்கள் குறைவாக வேலைக்கு வருகிறார்கள். ஆகவே மடுவத்தை லயத்துக்கு அருகில் கொண்டு வர வேண்டும்."

ரெண்டு பேரும் கைதட்டுவாங்கன்னு நெனச்சேன்.

"யாரு வேலைக்கு வராதது?"

"இல்லக்கா, பொதுவா..."

"பொதுவான்னா யாரு? எங்க லயத்துல பொதுவான்னு ஒருத்தியும் இல்லையே. யாருன்னு சொல்லு."

"ஆள சொல்லக்கூடாதுக்கா, அது ரகசியம்..."

"நான் போன வருசம் நீ கேட்ட மாசம் ஒரு நாளு வீட்டுல நிக்கல. காய்ச்சலோட போனேன். இவளும் நிக்கல."

பின்னால இருந்து பரிமளம் அக்கா கத்துறாங்க: "யாரு அது, கண்டிக்காரியா? வேலைக்கு வராம தொர வீட்டுல நான் சீட்டா வெளயாடிக்கிட்டு இருந்தேன்னு கேளு!"

நான் பஸீஹாவ பாத்தேன். அவ ஏற்கனவே லெப்டொப்ப இழுத்து, ராஜேஸ்வரி அக்காட ஃபோர்ம தொறந்துட்டா. வெரல வச்சி காட்டினா.

"அக்கா, நீங்கதானே சொன்னீங்க. இந்தா இருக்கு. ராஜேஸ்வரி, பதினெட்டர."

"ஆமா. பதினெட்டர பேரு."

"அதான். பதினெட்டர நாள்."

அந்தப் பக்கம் ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சாங்க. அது நல்ல சிரிப்பு இல்ல.

"அடி கூறுகெட்டவளே. பேருன்னா நாளா?"

"செக்ரோல்ல பேரு விழுந்தா ஒரு நாள்தானே?"

"பதினெட்டு கிலோ கொழுந்து கொண்டாந்தா முழுப் பேரு. ஒரு கிலோ கொறஞ்சாலும் அரப் பேரு. காலையில இருந்து அந்தி வரைக்கும் மலையிலயே நின்னாலும் அரப் பேருதான். நான் போனது இருவத்தி நாலு நாளு. முழுப் பேரு பதிமூணு, அரப் பேரு பதினொண்ணு. கூட்டிப் பாரு, படிச்சவதானே."

கூட்டிப் பாக்கத் தேவையில்ல. பஸீஹா கண்ண மூடிட்டா.

"ஏன் அரப் பேருன்னு கேளு"ன்னாங்க ராஜேஸ்வரி அக்கா. "அத நீ கேக்கவே இல்லயே. பத்து மணிக்கு புள்ளைக்குப் பால் குடுக்க எறங்குறோம். அதுக்கு நேரம் குடுக்குறாங்க, இல்லன்னு சொல்லல. மடுவத்துக்குப் போயி வர ஒண்ணர மணித்தியாலம். அந்த ஒண்ணர மணித்தியாலம் தராசுக்குத் தெரியுமா? கிட்ட இருக்கிறவ பத்து நிமிஷத்துல குடுத்துட்டு வந்து எடுக்குறா, அவளுக்கு முழுப் பேரு. ஞானா, நாங்க எல்லாரும் வாறோம். எல்லா நாளும் வாறோம். நீ என்னடான்னா வரலன்னு எழுதிட்ட." அங்க யாரோ கூப்பிட்டாங்க. "நேரமாச்சு. வைக்கிறேன்."

வச்சிட்டாங்க.

நான் எழும்பினேன். உக்காந்தேன். எழும்பினேன்.

நடந்தது இதுதான். நாங்க "எத்தன நாள்"னு கேட்டோம், அவங்க "இத்தன பேரு"ன்னு சொன்னாங்க. செக்ரோல்ல, அதான் தோட்டத்துச் சம்பள ஏட்டுல, எத்தன பேரு விழுந்துச்சுங்கிறதுதான் அவங்களுக்கு நெனவுல நிக்கும். நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, பேருன்னா அவங்க நாள சொல்ற விதம்னு எடுத்துக்கிட்டேன். ஃபோர்ம் பூரா அர, அர, அர. பதினேழர, பதினெட்டர, இருவதர. அந்த அரைகள பாத்தாவது யோசிச்சிருக்கணுமா இல்லையா? யோசிச்சோம். அடிக்குறிப்பு போட்டோம். "சில தாய்மார் அரைநாள் லீவு எடுக்கிறார்கள்"னு. அரைநாள் லீவு! தோட்டத்துல!

இன்னும் ஒண்ணு இருக்கு, சொல்ல வெக்கமா இருக்கு, சொல்றேன். கட்டுரையோட அனுப்பின லெட்டர்ல ஒரு வரி: நேர்காணல் எல்லாம் அந்தப் பெண்களோட தாய்மொழியிலயே, அதே தாய்மொழி உள்ள ஒருத்தரால நடத்தப்பட்டதுன்னு. மொழிபெயர்ப்பாளர் தேவப்படலன்னு. எங்க கட்டுரையோட பெரிய பலமே அதுன்னு. அந்த வரிய எழுதினது நான். மூணு தடவ திருத்தி எழுதினேன், அவ்வளவு புடிச்சிருந்துச்சு.

"ஒரு அம்மா சொன்னத வச்சி முடிவெடுக்க ஏலாது"ன்னா பஸீஹா. "அவங்களுக்கு மட்டும் அப்படி ஈக்கலாம். பாக்கணும்."

"எத பாக்குறது?"

"மடுவத்து ரெஜிஸ்டர். நீ போட்டோ எடுத்த தானே."

எடுத்தேன். புள்ளைங்க எத்தனன்னு எண்ணுறதுக்காக. மடுவத்து ஆயா ஒவ்வொரு புள்ளைக்கும் வந்த நாளுக்கு ஒரு புள்ளடி போட்டு வைப்பாங்க. புள்ள மடுவத்துல இருந்தா அம்மா மலையில. வேற எங்கயும் இல்ல. அந்த போல்டர கண்டுபுடிக்கவே அஞ்சு நிமிஷம். மேல் லயத்துப் புள்ளைங்க போற மடுவத்து ரெஜிஸ்டர் எட்டுப் பக்கம், அதுல ரெண்டு மங்கல். நான் அந்தந்த புள்ளையோட அம்மா பேர சொல்ல, அவ புள்ளடிய எண்ண.

"ராஜேஸ்வரி?"

"இருவத்தி நாலு."

"பரிமளம்?"

"இருவத்தஞ்சு. ஃபோர்ம்ல பத்தொன்பது."

"கீழ இருக்குதே, ராஜலிங்கம் சம்சாரம், புள்ள பேரு தனுஷிகா?"

"இருவத்தி மூணு. ஃபோர்ம்ல பதினேழர."

கிட்ட, தூரம் ரெண்டுலயுமா பதினோரு பேர பாத்தோம். பதினோரு பேரும் வந்திருக்காங்க. மடுவம் கிட்ட இருக்கிறவங்க எத்தன நாளோ தூரத்தவங்களும் அத்தன நாளு. ஒரு தூரத்து அம்மா இருவத்தாறு.

பஸீஹா பேனாவ மேசையில போட்டா. "நாலு மௌத்தாப் போச்சுடி."

அப்ப மணி மூணர. ஜேர்னல் அந்த விசேஷ இதழுக்கு குடுத்த கடைசி நேரம் அவங்க ஊரு பகல் பன்னண்டு, நமக்கு பின்னேரம் அஞ்சர. அதுக்குள்ள திருத்தி அனுப்பலாம்தான். நான் அப்பவே தலைப்ப மாத்தத் தொடங்கிட்டேன். பஸீஹா என் கைய லெப்டொப்புல இருந்து எடுத்து விட்டா. "எத வச்சி திருத்துற? மடுவம் நாலு, நம்மகிட்ட ஈக்கிற ரெஜிஸ்டர் ரெண்டு. நூத்தி எண்பத்தாறு பேர்ல பாத்தது பதினோரு பேரு. மத்தவங்களுக்கு எண்ணிக்கைய நீயே போடுவியா?"

"அப்ப என்னடி செய்யிறது?"

"சேருக்கு எடு."

பொன்னுத்துரை சேர் கொழும்பு ரயில்ல. பின்னால தடதடன்னு சத்தம். நான் மூச்சு விடாம சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன், சுரங்கத்துக்குள்ள ரயில் போனதுல முதல் தடவ கேக்கல.

"ஓம், ஓம், இப்ப விளங்குது"ன்னாரு. "நம்பர் வந்திட்டுதெல்லே?"

"வந்திருச்சு சேர்."

"பிறகென்ன? இஞ்சை பாரும் பிள்ளை. உங்கடை முடிவு என்ன? மடுவத்தைக் கிட்டக் கொண்டு வா எண்டது. இப்ப பிழையைத் திருத்தினாலும் முடிவு அதுதானே? தூரம் கூடினா அந்தப் பெண்டுகளுக்கு நட்டம். அது சரிதானே?"

"சரிதான் சேர். ஆனா அவங்க வேலைக்கு வரலன்னு..."

"ரிவியூ பண்ணுறவன் ஆறு மாசத்தாலை திருத்தச் சொல்லி அனுப்புவான். அப்ப நாள் எண்ட இடத்திலை பேர் எண்டு மாத்துவம். அவனுக்கு அரைப்பேரைத் தெரியுமே? உமக்குத் திங்கட்கிழமை இண்டர்வியூ. விசர் வேலை பாராதையும்." பெறகு, "முதல் பேர் உம்முடையது. நீர் யோசியும்"னாரு. சிக்னல் போச்சு.

அவரு சொன்னதுல பிழை இல்ல, அதுதான் என்ன கொன்னுச்சு. முடிவு சரி. கட்டுரை வந்தா நல்லதுதான் நடக்கும். யாராவது மந்திரி, யாராவது அதிகாரி வாசிச்சி மடுவத்த கிட்ட கொண்டு வரலாம். ஆறு மாசத்துல திருத்தலாம். எனக்கு வேல கெடைக்கும். பஸீஹாவுக்கும் அதுல பேரு இருக்கு, அவ வாப்பா அக்குரணையில கடையில வாற போறவங்களுக்கெல்லாம் சொல்லியிருப்பாரு. அவ சும்மா மேசையில இருந்த மாலு பான் துகள வெரலால கூட்டிக்கிட்டு இருந்தா.

நான் வீட்ட சுத்தி நடந்தேன். ஹோல்ல இருந்து குசினி, குசினியில இருந்து பின் கதவு, பின் கதவுல இருந்து ஹோல். அம்மா, "ஒரு எடத்துல நில்லு புள்ள, பாக்குற எனக்கு தல சுத்துது"ன்னாங்க. ரோட்டுல பேராதனைப் பக்கம் போற பஸ் எல்லாம் ஹோர்ன் அடிச்சிக்கிட்டு நிக்கிது. அனுப்பினது அனுப்பினதுதான்னு நெனைப்பேன், நாலு எட்டு வைப்பேன். இல்லன்னு நெனைப்பேன், திரும்பி நாலு எட்டு.

அஞ்சு மணிக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது ராஜேஸ்வரி அக்கா கோல் எடுத்தாங்க. அந்தி நிறுவை முடிஞ்சி, கொழுந்து நிறுக்குற மடுவத்துல இருந்து வர்ற வழியில. மூச்சு வாங்குது.

"ஞானா, ஒண்ணு கேக்கணும். அந்தத் தாள யாரு யாரு வாசிப்பா?"

"படிக்கிறவங்கக்கா. வெளிநாட்டுல. இங்கயும் வாசிப்பாங்க."

"தொர வாசிப்பாரா?" தோட்டத்து மெனேஜர கேக்குறாங்க.

"வாசிக்கலாம். இண்டர்நெட்டுல வரும்."

"கோவிச்சிக்காத. பகல் நான் கத்திட்டேன். இங்க கணக்கப்புள்ள இருக்காரு இல்ல, அவரு செக்ரோல்ல அரப் பேரு போடும்போதெல்லாம் ஒண்ணு சொல்லுவாரு. 'நீங்கெல்லாம் எங்கடி வேலைக்கு வாறீங்க, புள்ளய சாக்கு வச்சிக்கிட்டு'ன்னு. நாங்க எதுத்து பேசுவோம். வாயிருக்கு, பேசுறோம். நாளைக்கு அவரு ஒங்க தாள காட்டி, கெம்பஸ்ல படிச்ச புள்ளைங்களே எழுதியிருக்குன்னு சொன்னா, நான் என்னத்த பேசுறது?"

ஆறு மாசத்துல திருத்துவோம்க்கான்னு சொல்லப் போனேன். அந்த ஆறு மாசமும் அவங்க தெனமும் அந்த மலையில, அந்தத் தராசுக்கு முன்னாடி நிப்பாங்க.

"சும்மா கேட்டேன்"னாங்க. "இண்டர்வியூவுக்கு நல்லா போயிட்டு வா."

நான் ஃபோன கீழ வச்சிட்டு பஸீஹாவ பாத்தேன். அவ லெப்டொப்ப என் பக்கம் திருப்பி வச்சிருந்தா. ஏற்கனவே அந்தப் பக்கத்த தொறந்து வச்சிருந்தா. கட்டுரைய திருப்பி எடுக்குற பக்கம். அவ எப்ப தொறந்தான்னு எனக்குத் தெரியாது.

"நீயே அமுக்கு"ன்னா. "அனுப்பினதும் நீதானே."

அந்தப் பக்கத்துல ஒரு பெட்டி. ஏன் திருப்பி எடுக்குறீங்க, காரணத்த எழுதுங்க. அத நெரப்பாம பட்டன் வேல செய்யாது. நான் இங்கிலீஷ்ல அரப் பேரு, முழுப் பேருன்னு எழுதிப் பாத்தேன். பஸீஹா வாசிச்சிட்டு, "இத வாசிச்சா எடிட்டர் நம்ம ஊருல ஆளுங்களுக்குப் பாதிப் பேருதான் வைப்பாங்கன்னு நெனைப்பாரு"ன்னா. அழிச்சேன். திரும்ப எழுதினேன். கடைசியில போட்டது இதுதான்: எங்க தாய்மொழியில ஒரு சொல்ல நாங்க தப்பா வெளங்கிக்கிட்டோம், அதனால வேலைக்கு வந்தவங்கள வரலன்னு எழுதிட்டோம்.

அஞ்சு பன்னண்டுக்கு அமுக்கினேன். இந்தத் தடவ வட்டம் சுத்தவே இல்ல. ஒரு செக்கன்ல போயிருச்சு. அனுப்புறதுக்கு அவ்வளவு நேரம் எடுத்த வைஃபை.

சேருக்கு மெசேஜ் போட்டேன். "நல்லது"ன்னு ஒரு சொல்லு வந்துச்சு. அது கோவமா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது.

அப்பாவுக்கு சொன்னதுதான் கஷ்டம். ஷேர்ட் பட்டன கழட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாரு. "அப்ப பெரியதம்பிக்கு நான் என்ன சொல்றது?"ன்னாரு. பெறகு, "தண்ணி மீட்டர் தப்பா காட்டினா பில்ல திருப்பி எடுக்குறோம் இல்ல, அந்த மாதிரின்னு சொல்லிர்றேன்"னாரு. சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

ஞாயித்துக்கெழம நானும் பஸீஹாவும் குட்ஷெட் பஸ் ஸ்டேண்டுல நுவரெலியா பஸ் ஏறினோம். மறுநாள் காலையில இண்டர்வியூ. அம்மா, "நாளைக்கு கொழும்பு போக வேண்டியவ இன்னைக்கு எதுக்கு மலையேறுற"ன்னு வாசல் வரைக்கும் ஏசினாங்க. கம்பளை வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் போனோம். அதுக்கப்புறம் ஒரு சீட் கெடச்சி, ரெண்டு பேரும் அதுல பாதிப் பாதி உக்காந்து, என் முழங்காலுக்கு மேல புது ஃபோர்ம் எழுதினோம். மூணு கட்டம். போன மாசம் எத்தன காலையில மலைக்குப் போனீங்க. முழுப் பேரு எத்தன. அரப் பேரு எத்தன. பஸ் வளைவுல திரும்ப, கோடெல்லாம் பாம்பு மாதிரி போச்சு.

மேல் லயத்துல பொம்பளைங்க எல்லாரும் வீட்டுல. துணி துவைக்கிற நாளு. பரிமளம் அக்கா எங்கள கண்டதும் வாளிய வச்சிட்டு, "வாங்க வாங்க, வேலைக்கு வராதவங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்"னாங்க. லயம் பூரா சிரிச்சுது. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்யிறது. ராஜேஸ்வரி அக்கா மகள இடுப்புல வச்சிக்கிட்டு வந்து, என் கையில இருந்த ஃபோர்ம வாங்கி, மேலயும் கீழயும் பாத்தாங்க.

"இப்ப சரியா?"

"கேட்டுப் பாரு"ன்னாங்க.

ஒம்பது வீடு முடிச்சோம். ஒவ்வொருத்தியும் வெரல் விட்டு எண்ணி சொன்னாங்க, பஸீஹா அங்கயே கூட்டிப் பாத்து தலையாட்டினா. எனக்கு உள்ளுக்குள்ள துள்ளுது. வெள்ளிக்கெழம செத்த நாலு, இப்ப வேற உருவத்துல எழும்பி வருது. பதினொண்ணு, பத்து, பன்னண்டு. எல்லாம் அரப் பேரு. இது அத விட பெரிய கட்டுரைன்னு பஸீஹா காதுல சொன்னேன். "வாய மூடு, முடிக்கல"ன்னா.

"நாளைக்கு அந்த இண்டர்வியூவுல கட்டுரை எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"ன்னு ராஜேஸ்வரி அக்கா கேட்டாங்க.

"அனுப்பினேன், தப்பு இருந்துச்சு, திருப்பி எடுத்துட்டேன்னு சொல்லுவேன்."

"அப்படிச் சொன்னா குடுப்பாங்களா?"

"தெரியாதுக்கா."

பரிமளம் அக்கா துணிய பிழிஞ்சிக்கிட்டே, "தான் செஞ்ச தப்ப காட்டி வேல கேக்கப் போற மொத ஆளு இவதான். குடுத்தாலும் குடுப்பாங்க, பாவம்னு"ன்னாங்க. பெறகு கைய சேலையில தொடச்சிட்டு வந்து என் தோளுக்கு மேலால ஃபோர்ம எட்டிப் பாத்தாங்க. அவங்க பத்தாவது.

"எத்தன காலையில மலைக்குப் போனீங்க?"

"இருவத்தெட்டு."

"முழுப் பேரு?"

"பதினாலு."

"அரப் பேரு?"

"பத்து."

பஸீஹா பேனாவ நிப்பாட்டினா. "பதினாலும் பத்தும் இருவத்தி நாலு. நாலு நாளு கொறயுதே அக்கா."

"அந்த நாலும் ஞாயித்துக்கெழம. கைக்காசுக்குப் போனது. இன்னைக்குத்தான் கூப்பிடல."

"அதென்ன?"

"ஞாயித்துக்கெழம எடுத்தா பேரே விழாது. எடுத்த கிலோவுக்கு அன்னைக்கே கையில காசு. செக்ரோல்ல ஒண்ணும் இருக்காது." எங்க ரெண்டு பேரு மொகத்தையும் மாறி மாறி பாத்தாங்க. "ஏன், மத்தவளுங்க சொல்லலயா? நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

நான் முடிச்ச ஒம்பது ஃபோர்மையும் திரும்பப் பாத்தேன். எல்லாத்துலயும் கணக்கு சரியா வந்திருந்துச்சு. அவ்வளவு சரியா வந்ததுக்குக் காரணம், பேரு விழாத காலைகள அவங்க சொல்லாம விட்டது. ராஜேஸ்வரி அக்கா மகள மத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

கடைசி பஸ் நாலரைக்கு. அப்ப மணி ரெண்டே கால். பஸீஹா ஃபோர்ம வாங்கி, அரப் பேருக்குப் பக்கத்துல நாலாவது கட்டம் போட்டு, கைக்காசுன்னு எழுதினா. நான் மொத வீட்டுக்குத் திரும்ப நடந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு, இருந்தாலும் தட்டினேன்.